கைதட்டலில் முடிந்த பயிற்சி

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு தடித்த ஃபைல் இருக்கிறது. நான் கெட்டிக்காரி என்று சாட்சி சொல்லும் காகிதங்கள் அத்தனையும் அதற்குள்தான் இருக்கின்றன. எனக்குக் கை கழுவத் தெரியும் என்கிறது ஒன்று. குத்தி முடித்த ஊசியை எந்த நிறத் தொட்டியில் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்கிறது இன்னொன்று. நோயாளியிடம் சிரித்த முகத்தோடு பேசத் தெரியும் என்பதற்குக்கூட ஒன்று உண்டு, சுற்றிலும் தங்க நிறக் கோடு போட்டது. பிரசவ அறையில் வருஷக்கணக்காக நின்று நின்று என் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கிறதே, அது எந்தக் கணக்கிலும் வராது. காகிதம் இருந்தால்தான் நான் நர்ஸ்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நர்ஸ் படிப்பை முடித்ததும் எங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்வோம். அந்தப் பதிவை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு, இடைப்பட்ட காலத்தில் இத்தனை மணிநேரம் வகுப்புகளில் உட்கார்ந்திருந்தேன் என்று காட்ட வேண்டும். தொடர் கல்வி என்று அதற்குக் கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குள் அதை 'மணிநேரம்' என்றுதான் சொல்வோம். உனக்கு மணிநேரம் முடிந்ததா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோமே தவிர, என்ன படித்தாய் என்று இதுவரை யாரும் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

படிப்பை நான் பழிக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று கண்ணளவில் சொல்லாதே, நனைந்த துணியை எடை போட்டுப் பார் என்று ஒரு டாக்டரம்மா வார்டிலேயே வைத்து எனக்குக் காட்டிக்கொடுத்தார். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான் செய்கிறேன். அதனால் பிழைத்தவர்கள் இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த டாக்டரம்மா அதைச் சொல்லித் தருவதற்கு முன்னால் விளக்கேற்றவில்லை, அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தவும் இல்லை. அதனால் அதற்கு மணிநேரம் கிடையாது.

மணிநேரம் கிடைக்கும் வகுப்பு எப்படி இருக்கும் தெரியுமா? பெரும்பாலும் கடற்கரைப் பக்கத்தில் மஞ்சள் சுவர் வைத்த ஏதாவது ஒரு ஹோட்டலில் நடக்கும். வெளியே சென்னையிலிருந்து வந்த கூட்டம் அந்தச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கும். உள்ளே நாங்கள் ஏ.சி.யில் விறைத்துப்போய் உட்கார்ந்திருப்போம். முதலில் குத்துவிளக்கு. ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு பெரிய மனிதர். ஏ.சி. காற்றில் திரி அணைந்துகொண்டே இருக்கும். போட்டோக்காரர் திருப்தி அடையும்வரை அவர்களும் பற்றவைத்துக்கொண்டே இருப்பார்கள். பிறகு பூங்கொத்து, பொன்னாடை, நினைவுப் பரிசு. ஒருவரை ஒருவர் புகழ்ந்து முடிப்பதற்குள் காபி வந்துவிடும்.

அதற்கப்புறம் பேச்சாளர் வருவார். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அப்படியே வாசிப்பார். நாங்களும் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள்தான் என்று யாராவது அவர் காதில் போட்டால் தேவலை. பின்வரிசையில் சின்னப் பெண்கள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு போனில் ஜெர்மன் மொழி படித்துக்கொண்டிருப்பார்கள், வெளிநாட்டு வேலைக்காக. அந்த ஹாலிலேயே உருப்படியாக எதையாவது கற்றுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். மத்தியானம் பிரிஞ்சியும் காலிஃபிளவர் வறுவலும். சாப்பிட்ட கையோடு எல்லோரும் கம்பி நீட்டிவிடுவோம் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் கையெழுத்து வாங்குவதை மட்டும் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்வார்கள். அந்த முன்யோசனையைப் பாடத்தில் காட்டியிருந்தால் எங்கேயோ போயிருப்போம்.

நான் வேலை பார்ப்பது டவுனுக்குள் இருக்கும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். வீடு பக்கத்திலேயே சாரம் பகுதியில், ஸ்கூட்டரில் போய்விடுவேன். தரச்சான்று வாங்க வேண்டும் என்று நிர்வாகத்துக்கு ஆசை வந்ததும், 'குவாலிட்டி' என்று கதவில் எழுதிய ஒரு தனி அறை முளைத்தது. அதில் ஒரு மேடம் வந்து உட்கார்ந்தார். நிர்வாகம் படித்தவர். ஒரு நோயாளியின் நாடியைக்கூடப் பிடித்துப் பார்த்ததில்லை. எங்களுக்கு எதையும் கற்றுத்தர அவருக்குக் கொஞ்சமும் கூச்சம் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒன்று, வகுப்புகளை ஆஸ்பத்திரிக்குள்ளேயே நடத்தி, அவற்றுக்கும் மணிநேரம் கிடைக்கும்படி அனுமதி வாங்கிவிட்டார். அதற்காக நாங்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேடம் வந்ததும் எல்லா ஆபத்துக்கும் ஒரு நிறம் வந்தது. யாருக்காவது நெஞ்சடைத்தால் 'கோட் புளூ.' தீப்பிடித்தால் 'கோட் ரெட்.' பிள்ளை காணாமல் போனால் 'கோட் பிங்க்.' மைக்கில் மூன்று தரம் சொல்வார்கள், உடனே நாங்கள் ஓட வேண்டிய இடத்துக்கு ஓட வேண்டும். ஆபத்து என்று சொன்னால் ஜனங்கள் பயந்துவிடுவார்களாம். நிறத்தைச் சொன்னதும் நாங்கள் தலைதெறிக்க ஓடுவதைப் பார்த்தால் பயப்பட மாட்டார்கள் போலிருக்கிறது.

அந்த வருஷம் எடுத்துக்கொண்ட பாடம் பிள்ளைத் திருட்டு. அதற்கென்று ஒரு பொம்மை வாங்கினார்கள். படுக்க வைத்தால் ஒரு கண் மூடும், இன்னொரு கண் மூடாது. பிரசவ வார்டு நர்ஸ்களையும் வாட்ச்மேன்களையும் ஒன்றாக உட்கார வைத்து மேடம் பாடம் எடுத்தார். பிள்ளையைத் திருடுகிறவர் பையைக் கையில் தொங்கவிட மாட்டார், மார்போடு அணைத்துப் பிடிப்பார். தலைக்கு அடியில் கை இருக்கும். யார் முகத்தையும் பார்க்காமல் வேகமாக நடப்பார். நிறுத்திக் கேட்டால் என் பிள்ளை என்பார், நம்பக் கூடாது. பையைத் திறந்து பார்க்க வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, மேடமே பொம்மையை ஒரு பையில் போட்டு அணைத்துக்கொண்டு நடந்தும் காட்டினார். பின்வாசல் வாட்ச்மேன், மூடிப்போன மில்லில் முன்பு வேலை பார்த்தவர், கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஆஸ்பத்திரி வகுப்புகளிலேயே ஒரு பாடம் ஒருவர் மண்டையில் முழுசாக ஏறியது அன்றைக்குத்தான்.

பாடம் கேட்டால் மட்டும் போதாது. ஒத்திகை ஒன்று நடத்தி, அதில் ஜெயித்தால்தான் சர்ட்டிபிகேட்டும் மணிநேரமும். வெளியூரிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து பார்ப்பார். ஒத்திகை திடீரென்று நடக்க வேண்டும் என்பது விதி. எங்கள் இடத்தில் 'திடீர்' என்பது வாட்ஸாப்பில் முன்கூட்டியே வந்துவிடும். வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறவர் யார் என்பது மட்டும் தெரியாது. பில் போடும் பிரிவிலிருந்து அவர்களாகவே யாரையாவது அனுப்புவார்கள், எனக்கே தெரியாது, அதுதான் நேர்மை என்று மேடம் பீற்றிக்கொண்டிருந்தார். என் பதிவைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் அது. எனக்கும் அந்த மணிநேரம் தேவையாக இருந்தது.

அந்த வியாழக்கிழமை காலையில் எங்கள் வார்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவம். கணவர் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வெல்டர். அவளும் அங்கேயே ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதல் பிள்ளை, எட்டாம் மாதம். வயிற்றில் துடிப்பு இல்லை என்று முதல் நாளே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. வலி வர மருந்து வைத்திருந்தார்கள். காலைப் பலகார நேரத்துக்குப் பெற்றாள். பெண் பிள்ளை. அந்த மாதிரிப் பிரசவத்தில் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கும்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பார்க்கிறாயா என்று கேட்டேன். ஒருதரம் பார்த்துவிட்டால் பின்னால் மனசுக்கு நல்லது என்பதையும் சொன்னேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கணவரும் பார்க்க வேண்டாம் என்றாள், அவரும் சரி என்றார். அப்புறம் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நானே பாக்கல சிஸ்டர். வேற யாரும் தொறந்து பாக்கக் கூடாது. அப்பிடியே எடுத்துனு போயி அடக்கம் பண்ணட்டும்."

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நான் வாக்குக் கொடுத்தேன். அந்த நிலைமையில் ஒரு தாய் கேட்கும் ஒரே ஒரு காரியம் அது. அதைக்கூடச் செய்து தர முடியாவிட்டால் நாங்கள் எதற்கு அங்கே இருக்கிறோம்? பிள்ளையை வெந்நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். தலை நிறைய முடி. மோவாயில் அம்மாவைப் போலவே ஒரு குழி. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. புது வெள்ளைத் துணியில் சுற்றி, அவிழாதபடி காஸ் துணியைக் கிழித்து அங்கங்கே முடிச்சுப் போட்டேன்.

இப்படிப் பிறக்கிற பிள்ளையை எங்கள் இடத்தில் அப்பன் கையில் கொடுத்துவிடுவோம். அவர் பின்வாசல் வழியாக, யார் கண்ணிலும் படாமல் கொண்டுபோய்விடுவார். அவளுடைய கணவர் ஒரு கட்டைப்பை கொண்டுவந்திருந்தார். சீமந்தப் புடவை எடுத்த கடையின் பை. வேலையிலிருந்து நேரே வந்தவர் என்பதால் கம்பெனியின் சாம்பல் நிறச் சட்டையைத்தான் போட்டிருந்தார். வெல்டிங் பொறி பட்டுத் தோளில் ஓட்டை விழுந்து, அதை நீல நூலால் தைத்திருந்தது. போட வேண்டிய கையெழுத்தெல்லாம் போட்டாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு கீழே ஏதோ கூத்து நடக்கப்போகிறது, அதற்கு முன்னால் போய்விடுங்கள் என்று சொல்லி நான்தான் அவசரப்படுத்தினேன். அவர் மச்சான் பைக்கோடு பின்வாசலுக்கு வெளியே காத்திருந்தார்.

பையின் கைப்பிடிகள் இரண்டும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பிடிக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, தலை இருந்த பக்கத்துக்கு அடியில் கையைக் கொடுத்து, யாரையும் பார்க்காமல் படியிறங்கினார். அப்பன் வேறு எப்படிப் பிடிப்பான்?

கீழே பரிசோதகர் சாயங்காலத்துக்குள் சென்னை போய்ச் சேர வேண்டும் என்று அவசரப்பட்டாராம். அதனால் மேடம் ஒத்திகையை முன்னால் நகர்த்திவிட்டார். விதிப்படி திடீரென்று நடந்த முதல் ஒத்திகை அதுதான். 'கோட் பிங்க்' என்று மைக்கில் கேட்டபோது நான் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சலாக வந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. கதவுகளைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஓடும் சத்தம், விசில். அப்புறம் கைதட்டல். கட்டடத்தின் நடுவே மேலே திறந்த முற்றம் என்பதால் எல்லாம் பக்கத்தில் நடப்பதுபோல் கேட்கும்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"கை தட்டுறாங்களே சிஸ்டர், யாருக்காவது புள்ள பொறந்துச்சா?"

பிள்ளைத் திருட்டுக்கு ஒத்திகை பார்க்கிறார்கள் என்று அவளிடமா சொல்ல முடியும்? ஆமாம் என்றேன். நல்லா இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் வெளியே வந்து கைப்பிடிச் சுவர் வழியாக எட்டிப் பார்த்தேன். முற்றத்தின் நடுவில் வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். வாட்ச்மேன்கள், லிஃப்ட் ஆள், மருந்துக்கடைப் பெண்கள். வட்டத்துக்குள் சாம்பல் நிறச் சட்டை. பின்வாசல் வாட்ச்மேன் அவருடைய தோளைப் பிடித்திருந்தார். அவர் "என் புள்ள சார், என் புள்ள சார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதைத்தான் திருடன் சொல்வான் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்களே. பரிசோதகர் முதல் மாடி ஜன்னலில் நின்று பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். மேடம் ஒரு கையில் போனைப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டே சிரித்த முகத்தோடு வட்டத்துக்குள் போனார். பில் பிரிவுக்காரர்கள் வெளியாள் ஒருவரையே பிடித்து நடிக்க வைத்துவிட்டார்கள் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

நான் படியில் ஓடினேன். என் நரம்பு சுருட்டிய கால் அன்றைக்கு என்னைக் கைவிட்டது. நான் முற்றத்துக்குள் நுழைந்தபோது வாட்ச்மேன் பையை வாங்கிக்கொண்டிருந்தார், மேடம் முடிச்சை இழுத்துத் துணியை விலக்கினார்.

"இது நம்ம பொம்மை இல்லியே" என்றார்.

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. பதற்றம் இல்லை, துக்கம் இல்லை, பொருளை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று கடையில் சொல்வோமே, அப்படி ஒரு குரல். அதற்கப்புறம்தான் அவருக்கு விளங்கியது. போனைக் கீழே இறக்கினார். வட்டம் தானாகவே அகன்றது. வாட்ச்மேன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். அங்கே இருந்தவர்களில் மனுஷனாக நடந்துகொண்டது அவர் ஒருவர்தான்.

நான் துணியை மூடி முடிச்சைக் கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை. பார்ப்பதில்லை என்று ஒத்துக்கொண்டிருந்த அந்த அப்பனும் பார்த்துவிட்டார். வாசல்வரை அவரோடு நடந்தேன். பைக்கில் ஏறும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"அவகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். யாரும் பாக்கலன்னே இருக்கட்டும்."

சொல்ல மாட்டேன் என்றேன். ஒரே நாளில் இரண்டாவது வாக்கு.

பொம்மைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பில் பிரிவுப் பெண் ஒருத்தி பையைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு, போனில் பேசியபடி, முன்வாசல் வழியாகச் சாவகாசமாகப் போயிருக்கிறாள். யாரும் ஏனென்று கேட்கவில்லை. எதிர் டீக்கடையில் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, இன்னும் யாரும் பிடிக்க வரவில்லையே என்று அவளே திரும்பி வந்தாள். அதற்குள் பரிசோதகர் காரில் ஏறியாயிற்று. ஒத்திகை மிகச் சிறப்பு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதைத் திருத்தினால் முழு வார்டுக்கும் சர்ட்டிபிகேட் நின்றுவிடும் என்பதால் யாரும் திருத்தவில்லை.

மறுநாள் நான் குவாலிட்டி அறைக்குப் போய் வாய்க்கு வந்தபடி கத்தினேன். மேடம் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். துரதிர்ஷ்டம்தான் என்றார். பிறகு நிதானமாக, "ஆனா சிஸ்டர், நம்ம சிஸ்டம் வேலை செஞ்சிருக்கு பாருங்க" என்றார். பெரிய சிஸ்டரிடமும் போய்ச் சொன்னேன். தரச்சான்று வரட்டும், அப்புறம் பேசலாம் என்றார். தரச்சான்று வந்தது. கேக் வெட்டினார்கள். என் மணிநேரமும் முடிந்து பதிவும் புதுப்பித்தாகிவிட்டது. அந்த சர்ட்டிபிகேட்டும் மற்றவற்றோடு ஃபைலில்தான் இருக்கிறது. சிசுப் பாதுகாப்பில் நான் தேர்ச்சி பெற்றவள் என்று அதில் போட்டிருக்கிறது.

அடுத்த வருஷம் அதே வகுப்பு, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்காக மறுபடியும் நடந்தது. பழையவர்களும் உட்கார வேண்டும். மேடம் விளக்கை அணைத்துவிட்டு ஒரு வீடியோ போட்டார். கண்காணிப்பு கேமராவில் பதிந்ததையும் மேடம் போனில் எடுத்ததையும் வெட்டி ஒட்டி, அடியில் மெல்லிய இசை போட்டிருந்தார்கள். சாம்பல் நிறச் சட்டைக்காரர் பையை அணைத்தபடி வருகிறார். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் படம் நிற்கிறது, அவருடைய கையை ஒரு சிவப்பு அம்புக்குறி காட்டுகிறது. பிடித்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள் என்றார் மேடம். வாட்ச்மேன் பாய்கிறார், வட்டம் கட்டுகிறார்கள், கைதட்டல். கைதட்டலின் சத்தத்தை மட்டும் கூட்டி வைத்திருந்தார்கள். துணியை விலக்கும் இடத்துக்கு முன்னால் வெட்டிவிட்டார்கள். புதுப் பெண்கள் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து நின்றேன். அது நடிக்க வந்த ஆள் இல்லை, செத்துப் பிறந்த பிள்ளையைக் கொண்டுபோன அப்பன், அந்தப் பிள்ளையைத் துடைத்துக் கட்டிக்கொடுத்தவள் நான் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மேடம் என்னைக் குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அதனால்தான் முகத்தை மறைத்துவிட்டோம், அந்தரங்கம் எல்லாம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்றார். அடுத்து ஒரு நல்ல செய்தி வேறு சொன்னார். தாய்மார்களுக்கு நம் ஆஸ்பத்திரி மேல் நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக, இந்த வீடியோ கீழே வெளிநோயாளிகள் உட்காரும் ஓ.பி. ஹால் டி.வி.யிலும் ஓடப்போகிறது. அதற்கும் கை தட்டினார்கள்.

ஆனால் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். ஏழாம் மாதம். எங்கள் ஓ.பி.க்குத்தான் வந்துகொண்டிருந்தாள். வரும்போதெல்லாம் மாடிக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போவாள். முகத்தை மறைத்தால் போதும் என்று நினைக்கிற மேடத்துக்கு ஒன்று தெரியாது. பெண்டாட்டிக்குப் புருஷனின் முதுகு போதும். அவள் வருகிற விஷயத்தையும் மேடத்திடம் போய்ச் சொன்னேன். பரிசீலிக்கிறேன் என்றார். அவர் அகராதியில் அதற்கு மறந்துவிடுவேன் என்று பொருள்.

அதன்பிறகு ஓ.பி. ஹால் டி.வி.க்கு விசித்திரமான வியாதி வந்தது. டூட்டிக்கு வரும்போதே பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். யாராவது மாட்டினால் ரிமோட்டில் பேட்டரி இருக்காது. அது என் கைப்பைக்குள் இருக்கும். எலக்ட்ரீஷியன் வந்து வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போனார். அவள் வரும் நாட்களில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழேயே சுற்றிக்கொண்டிருப்பேன். வருஷக்கணக்கான தொடர் கல்வியில் நான் செய்த உருப்படியான காரியம் டி.வி.யைக் கெடுத்ததுதான்.

ஒருநாள் காலையில் வகுப்புக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். 'துக்கத்தில் இருக்கும் குடும்பத்தாரிடம் பேசுவது எப்படி' என்று தலைப்பு. எடுப்பவர் மேடமேதான். மூன்றாவது மாடியில் ஹால். லிஃப்ட் வேலை செய்யவில்லை, மருந்துக் கிடங்கில் ஒரு வேலையை முடித்துவிட்டு மாடிக்குப் போவதற்காக ஓ.பி. ஹால் வழியாக வந்தேன். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. புது ரிமோட் வாங்கிவிட்டார்கள். அதற்கு நேர் எதிரே, முன்வரிசை நாற்காலியில், சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய நாள் இல்லை. கால் வீக்கமாக இருக்கிறது என்று முன்கூட்டியே வந்திருக்கிறாள்.

படம் நின்றிருந்தது, அம்புக்குறி காட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஓடியது. கைதட்டல் ஹால் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் இருந்த ஒரு கர்ப்பிணி, பரவாயில்லை, இங்கே நல்ல பாதுகாப்பு என்று தன் அம்மாவிடம் சொன்னாள். நான் போய் முன்வரிசையில் அவள் பக்கத்தில் நின்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"தோள்ல நீல நூலு. நான் போட்ட தையல்" என்றாள்.

வாய் வரைக்கும் வந்த பொய்யெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. அவளே மேலும் சொன்னாள், சத்தம் போடாமல், ஞாபகப்படுத்திக் கேட்பதுபோல.

"யாருக்கோ புள்ள பொறந்துச்சின்னு சொன்னீங்களே சிஸ்டர். இதுக்குத்தான் தட்டுனாங்களா?"

ஆமாம் என்றேன். திறந்து பார்த்தார்களா என்று கேட்டாள். பார்த்தார்கள் என்றேன். அவரும் பார்த்தாரா என்று கேட்டாள். அதற்கும் ஆமாம் என்றேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீடியோ முடிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது. என் போன் அடித்தது, வகுப்புக்கு எல்லோரும் வந்தாயிற்று, நான்தான் பாக்கி என்று.

அப்போதுதான் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் பாத்துட்டாங்க. நான் ஒருத்திதான் பாக்கல. எப்பிடி இருந்தா சிஸ்டர்?"

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். தலை நிறைய முடி இருந்தது என்று சொன்னேன். விரல்கள் நீளம் நீளமாக இருந்தன என்று சொன்னேன். மோவாயில் உன்னைப் போலவே ஒரு குழி என்றேன். அவள் சீட்டை மடியில் வைத்துவிட்டுத் தன் மோவாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். போன் மறுபடியும் அடித்தது, நான் எடுக்கவில்லை, இன்னும் சொல்லுங்கள் என்றாள்.